ஞானசிகாமணியின் சங்கிலிவாள்

ஆதாரமெழுத்து ஞானசிகாமணியின் வீட்டில் மீன்கறி மண்ணெண்ணெய் மணக்கத் தொடங்கி நாலு வருஷமாகியிருந்தது. சாளையானாலும் நெத்திலியானாலும் மணம் ஒன்றுதான். அவருடைய மனைவி புஷ்பபாய் சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள், புளி போட்டுத் தேய்த்தாள், வெயிலில் கவிழ்த்துப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அவள் மீன் வைக்காத நேரங்களில் வீட்டுக்காரர் அந்தச் சட்டியில் ஒரு பிஸ்டனை ஊறவைத்துக்கொண்டிருந்தார்.

பிஸ்டன் ஒரு சங்கிலிவாளுக்கு உரியது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று இழுக்கிற ஈர்வாள் நெய்யாற்றின்கரை தாலுகாவில் எல்லாருக்கும் தெரியும். இது எஞ்சின் வைத்த வாள். ஆள் நீளத்துக்கு ஒரு தகடு, தகட்டைச் சுற்றி சைக்கிளுக்கு இருப்பது போல ஒரு சங்கிலி, சங்கிலி நெடுகப் பல். ஒரு முனையில் எஞ்சின், மறு முனையில் துணையாளுக்கு ஒரு பிடி. எஞ்சின் மட்டும் ஒரு கன்றுக்குட்டி கனம் இருக்கும். மலையில் எஸ்டேட் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரத் துரை யுத்தத்துக்கு முன்னால் கப்பலில் வரவழைத்தது. துரை போன பிறகு அது எஸ்டேட் கணக்கப்பிள்ளையின் மாட்டுக்கொட்டிலில் கிடந்தது. கணக்கப்பிள்ளை மகளுக்கு ஒரு இஷ்டதானப் பத்திரம் எழுதவந்த இடத்தில், எழுத்துக்கூலிக்குப் பதிலாக அதை ஞானசிகாமணியின் தலையில் கட்டினார். ஓடாது என்று சொல்லித்தான் கட்டினார். அந்தச் சொல்தான் ஞானசிகாமணியைப் பிடித்துக்கொண்டது.

அன்றிலிருந்து மனுஷனுக்கு வேறு நினைப்பில்லை. பகலெல்லாம் சப் ரிஜிஸ்டிரார் ஆபீசுக்கு எதிரே உட்கார்ந்து ஊராருடைய நிலப்பத்திரங்களில், எங்கள் பக்கத்துப் பேச்சில் ஆதாரங்களில், எல்லைகளை மலையாளத்தில் எழுதுவார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொட்டகைக்குள் நுழைந்துவிடுவார். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் பட்டாளத்துக்காரர்கள் கழித்துப்போட்ட இன்னொரு சங்கிலிவாளின் எலும்புக்கூடு கிடைத்தது. அதிலிருந்து திருகியதை இதில் மாட்டினார். துரையுடைய வாளுக்கு எந்தப் பல் எந்தக் கோணத்தில் இருக்கவேண்டும் என்று அரத்தால் ராவிக்கொண்டே ஒரு மழைக்காலம் முழுவதையும் கழித்தார். யாராவது பார்க்க வந்தால் ஆதாரம் வாசிக்கிற குரலில் விளக்குவார். கிழக்கே கார்புரேட்டர், மேற்கே மேக்னட்டோ, தெற்கே பெட்ரோல் டாங்க், இவற்றுக்கு உட்பட்ட சகலமும் என் கையிருப்பும் அனுபவமும் ஆக்கும் என்பார்.

ஓடுமா என்று கேட்டால் ஓடும் என்பார். ஓடவில்லை. முதல் வருஷம் பிஸ்டன் வளையம் சரியில்லை, அடுத்த வருஷம் மேக்னட்டோவில் தீப்பொறி இல்லை, அதற்கடுத்த வருஷம் பெட்ரோல் ஒழுகியது. ஒவ்வொன்றாகத் தீர்த்து, அந்த வருஷம் கார்த்திகை முடிவதற்குள் அத்தனை பழுதும் தீர்ந்திருந்தன. அது அவருக்குத் தெரியாமல் போனதற்கு அவருடைய அன்புதான் காரணம். கடற்காற்று வருகிற ஊர், இரும்பு துருப்பிடிக்கும். அதனால் ராத்திரி ஜெபம் முடிந்ததும் கண்ணில் பட்ட துவாரத்திலெல்லாம், பெட்ரோல் போகிற நூல்குழாயில்கூட, வீட்டில் ஆட்டின சுத்தமான தேங்காயெண்ணெயை ஊற்றிவிட்டுத்தான் படுப்பார். விடியற்காலையில் ஆபீசுக்குப் போகுமுன் கயிற்றைச் சுற்றி இழுத்துப் பார்ப்பார். மார்கழிக் குளிருக்கு எண்ணெய் உறைந்து, நூல்குழாயைக் கல்லாய் அடைத்திருக்கும். அதே நேரத்தில் அடுக்களையில் புஷ்பபாய் தலைக்குத் தேய்க்க, உறைந்த எண்ணெய்க் குப்பியை அடுப்போரம் சாய்த்து வைத்துக்கொண்டிருப்பாள். இரண்டுபேரும் ஒரே எண்ணெயோடுதான் மல்லுக்கட்டினார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தர்.

மிஷின் ஓடுகிறது என்கிறீர், ஒரு நாளும் சத்தம் கேட்கவில்லையே என்று ஊரில் கேட்டார்கள். நல்ல கேள்விதான். அதற்கும் ஞானசிகாமணி ஒரு பதில் வைத்திருந்தார். கெட்ட மிஷினுக்குத்தான் சத்தம், நான் பழுதுபார்த்த மிஷினுக்குச் சத்தமே கிடையாது என்றார். பேனா எடுத்தால் ஒரு சென்ட் நிலம் கூட்டியோ குறைத்தோ எழுதமாட்டார். வாய் மட்டும் அவர் கைக்கு அடங்கியதில்லை.

அந்தக் காலத்தில் எங்கள் ஊர் வேங்கைக்கோணத்தில் மிஷினைத் தவிர வேறு பேச்சு உண்டென்றால் அது எல்லைதான். மொழிவாரியாக ராஜ்யங்களைப் பிரிக்கிற கமிஷனுடைய ரிப்போர்ட் வந்திருந்தது. தெற்கேயுள்ள தாலுகாக்கள் தமிழோடு போகும், நெய்யாற்றின்கரை போகாது என்று பேப்பரில் கண்டதும் எங்கள் பக்கத்துத் தமிழ்க்காரர்களுக்கு வயிறெரிந்தது. கனகதாசின் சாயாக்கடையில் காலையில் கொடி, சாயங்காலம் கூட்டம். சாயாவை அடிக்கிற கையால் மேசையையும் அடிப்பான் கனகதாஸ். ரோட்டில் நாலு போலீஸ்காரர்களைக் கொண்டுவந்து ஒரு கொப்பரை ஷெட்டில் போட்டிருந்தார்கள். ஷெட்டுக்கு எதிரே ரோட்டோரம் ஒரு பெரிய அயினிமரம் நின்றது. அதைச் சாய்த்து ரோட்டை மறிக்கவேண்டும் என்பது கூட்டத்தின் தீர்மானம். ஆனால் போலீசின் மூக்குக்குக் கீழே கோடாலி போட்டால் கேட்காதா என்று தயங்கிக்கொண்டிருந்தார்கள். அறுப்புக்காரன் செல்லசாமி, ஈர்வாள் என்றால் சத்தம் வராது, ஆனால் ராத்திரி முழுவதும் இழுக்கவேண்டும் என்று கணக்குச் சொன்னான்.

ஒரு மூலையில் பழம்பொரி தின்றுகொண்டிருந்த ஞானசிகாமணிக்கு அப்போது சும்மா இருக்கத் தோன்றவில்லை.

"எலே செல்லசாமி, நீயும் ராஜனும் விடிய விடிய இழுக்குகதை எனக்க மிஷின் ஒரு சாயா ஆறுகதுக்குள்ள அறுத்துத் தள்ளும். பக்கத்தில கெடந்து உறங்குகவனுக்குக்கூடத் தெரியாது."

கடையே திரும்பிப் பார்த்தது. செல்லசாமிக்கு முகம் செத்துப்போயிற்று. அப்பன் காலத்திலிருந்து வாள் பிடிக்கிற கை அவனுடையது. சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான். போனவன் கூட்டாளி ராஜனைக் கூட்டிக்கொண்டு, வாளுக்கு நன்றாகப் புன்னைக்காயெண்ணெய் பூசி, அன்றைக்கே காரியத்தை முடித்துவிட்டான். விடியும்போது அயினிமரம் ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தது. கோடாலிக்கொத்து ஒன்றுகூட இல்லை, அடிமரம் சோற்றுப்பலகை மாதிரி வழவழவென்று இருந்தது. திருவனந்தபுரம் பஸ் அந்தப் பக்கமும் நாகர்கோவில் பஸ் இந்தப் பக்கமுமாக நின்றுவிட்டன.

வெட்டைப் பார்த்தவர்களெல்லாம் ஒரே பெயரைத்தான் சொன்னார்கள். மனுஷக் கையால் இப்படி அறுக்கமுடியாது, இது ஆதாரமெழுத்து சாருடைய மிஷின்தான் என்றார்கள். செல்லசாமி கூட்டத்தோடு கூட்டமாக நின்று தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டிருந்தான். ஆயுளில் அவன் இவ்வளவு நேராக அறுத்ததில்லை. சொல்லவும் முடியாது, சொல்லாமல் இருக்கவும் முடியாது.

ஞானசிகாமணி அன்றைக்கும் விடியற்காலையில் கயிறு இழுத்து, தோற்று, கொட்டகை வாசலில் உட்கார்ந்து கட்டன்சாயா குடித்துக்கொண்டிருந்தார். கனகதாஸ் ஒரு கூட்டத்தோடு வந்து செம்பருத்தி மாலையை அவர் கழுத்தில் போட்டபோது அவருக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்தபிறகும் வாயைத் திறக்கவில்லை. நான்தான் என்று சொல்லவில்லை, நானில்லை என்றும் சொல்லவில்லை. மாலை குளிர்ந்து சுகமாக இருந்தது. வந்தவர்கள் மிஷினையும் ஊர் பார்க்கட்டும் என்று கொட்டகையிலிருந்து தூக்கி, முற்றத்தில் ஒரு பலாக்கட்டை பெஞ்சின்மேல் வைத்துக் கயிறு போட்டுக் கட்டினார்கள். அதற்கும் ஒரு மாலை. நல்ல வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

கூட்டம் கோஷம் போட்டுக்கொண்டு ரோட்டுக்குப் போனதும் புஷ்பபாய் வெளியே வந்தாள். கிறிஸ்துமசுக்குக் காஞ்சிரங்குளத்திலிருந்து மகள் சுகுமாரியும் மருமகனும் வருவதாக இருந்தது. முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுத்துக்கொண்டிருந்த கரண்டி அவள் கையிலேயே இருந்தது.

"நீங்க நேத்து ராத்திரி எனக்கப் பக்கத்திலதானே கெடந்து கொறட்டை விட்டீங்க. பின்ன எந்தக் கையோண்டு மரத்தை அறுத்தீங்க?"

"நான் அறுத்தேன்னு சொல்லல்லியே."

"அறுக்கல்லன்னும் சொல்லல்லியே. மாலை வேண்டாம்னும் சொல்லல்லியே."

ஞானசிகாமணி மாலையைக் கழற்றவுமில்லை. புஷ்பபாய்க்கு அழுகை முட்டியது. பயந்துபோயிருந்தாள். போலீஸ் கேஸ் வந்தால் ஆதாரமெழுத்து லைசன்ஸ் போகும். அந்த லைசன்சில்தான் அந்த வீட்டு அடுப்பு எரிந்தது. செங்கல் என்கிற ஊர்ப் பக்கத்தில் ஒரு எழுத்துக்காரருக்கு வேறொரு கேசில் அப்படிப் போய், அவர் இப்போது ரேஷன்கடையில் சாக்கு தைத்துக்கொண்டிருக்கிறார். அதை எல்லாம் அவள் எடுத்துச் சொன்னாள். போலீஸ் வந்தால் மிஷின் ஓடாது, ஒரு நாளும் ஓடினதில்லை என்று உள்ளதைச் சொல்லிவிட்டால் போதும், யாரும் தொடமாட்டார்கள் என்றாள். ஊர் சிரித்தால் ரெண்டு நாள் சிரிக்கும், லைசன்ஸ் போனால் ஆயுள் முழுவதும் மரச்சீனிக்கிழங்குதான் என்றாள்.

"நாலு வருஷம் ஊரெல்லாம் ஓடும்னு சொல்லிப்போட்டு, இப்ப போலீசுக்கு முன்ன ஓடாதுன்னு சொல்லவாட்டி?" என்றார் அவர். "ஜெயிலுக்குப் போனாலும் போவேன்."

மனுஷனுக்கு மிஷின் ஓடாததுகூடப் பெரிதில்லை. ஓடாது என்று தன் வாயால் சொல்வதுதான் பெரிது. அதைக் கேட்டதும் புஷ்பபாய்க்கு அழுகை போய்க் கோபம் வந்தது. நீங்க சொல்லாட்டா நான் சொல்லுகேன் என்று கரண்டியை ஜன்னல்படியில் வைத்தாள்.

உச்சிவெயிலுக்கு, புஷ்பபாய் மிச்சப் பயறை அடுப்பில் போட்ட நேரத்தில், சப் இன்ஸ்பெக்டர் குறுப்பு வந்தார். வடக்கே எங்கோ காயலோரத்துக்காரர், வந்து ஒரு மாசம்தான் ஆகியிருந்தது. பின்னால் இரண்டு போலீஸ்காரர்கள், அவர்களுக்குப் பின்னால் பாதி வேங்கைக்கோணம். ரோட்டில் நடந்ததற்கு மேலிடத்தில் பதில் சொல்லவேண்டிய பொறுப்பு அவருடையது. சாயாக்கடைப் பேச்சும் அவர் காதுக்கு வந்திருந்தது. மாலை போட்ட மிஷினையும் மாலை போட்ட மனுஷனையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இதாணோ ஆ சத்தமில்லாத்த மிஷின்?"

ஞானசிகாமணி தொண்டையைக் கனைத்தார். அதற்குள் புஷ்பபாய் முன்னால் வந்துவிட்டாள். மலையாளமும் தமிழும் கலந்து, ஊர் முழுவதும் கேட்க, அவள் போட்டு உடைத்தாள். இந்த மிஷின் ஒரு நாளும் ஓடினதில்லை. தினமும் விடியற்காலையில் இவர் கயிறு இழுக்கிறதும் தோற்றுத் திரும்பி வருகிறதும் எனக்குத்தான் தெரியும். சத்தமில்லை என்று சொன்னதெல்லாம் வெறும் வீம்பு. மீன்சட்டியில் மண்ணெண்ணெய் மணக்கிறதைத் தவிர இந்தச் சவத்தால் உலகத்தில் வேறொன்றும் நடந்ததில்லை. இப்படியே சொல்லிக்கொண்டு போனாள். கூட்டத்தில் யாரோ சிரிக்கத் தொடங்கி, பிறகு பலர் சிரித்தார்கள். கனகதாஸ் சிரிக்கவில்லை. மாலை வாங்கியது அவன்தான், காசும் அவனுடையது.

ஞானசிகாமணி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தன்னைக் காப்பாற்றத்தான் சொல்கிறாள் என்று தெரிந்தது. தெரிந்தும் வலித்தது.

குறுப்பு லேசில் நம்புகிறவரில்லை. வீட்டுக்காரனைக் காப்பாற்ற எந்த மனைவியும் இதைத்தான் சொல்வாள், இழுத்துக் காட்டட்டும் என்றார். ஓடினால் கேஸ், ஓடாவிட்டால் விட்டுவிடுகிறேன் என்றார்.

நாலு வருஷமாக ஓடு ஓடு என்று ஜெபித்தவர், அன்றைக்கு ஓடாதே ஓடாதே என்று ஜெபித்துக்கொண்டு பெஞ்சுக்குப் போனார். கயிற்றைச் சக்கரத்தில் சுற்றினார். சும்மா ஒரு இழுப்பு இழுத்தார். மிஷின் இருமிற்று. இரண்டாவது தடவை கயிற்றை இழுக்காமல் தடவினார். இன்ஸ்பெக்டருக்கு அது தெரியாமல் இருக்குமா. கள்ளக் கை, நல்லவண்ணம் இழுக்கச் சொல்லு என்று அதட்டினார்.

"அவரை எதுக்கு சாரே சொல்லணும், நான் காட்டுகேன்" என்று புஷ்பபாய் வந்தாள்.

சேலைத்தலைப்பை இடுப்பில் சொருகினாள். கயிற்றை வாங்கிச் சக்கரத்தில் மூன்று சுற்றுச் சுற்றினாள். பாறையில் தோண்டின ஆழக்கிணற்றில் கல்யாணமான நாளிலிருந்து தண்ணீர் இறைக்கிறவள். அந்த மிஷின்மேல் அவளுக்கிருந்த அத்தனை ஆத்திரத்தையும் சேர்த்து ஒரே வீச்சில் இழுத்தாள்.

காலையிலிருந்து வெயிலில் கிடந்த மிஷினுக்குள் எண்ணெய் உருகி, நூல்குழாய் வழியாக வடிந்து, பெஞ்சுக்குக் கீழே மண்ணில் ஒரு கறுத்த திட்டாகக் கிடந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. மிஷின் ஓடிற்று.

ஓடிற்று என்று சொன்னால் போதாது. முதலில் ஒரு வெடி, பிறகு நீலப்புகை, பிறகு மலை இடிந்து விழுகிற மாதிரி ஒரு முழக்கம். தென்னையிலிருந்த காக்கையெல்லாம் ஒன்றாகக் கிளம்பின. பசு கயிற்றை அறுத்துக்கொண்டு மரச்சீனிக்காட்டுக்குள் ஓடியது. ஒரு போலீஸ்காரர் கிணற்றுச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார். பெருங்கடவிளை வரை கேட்டது என்று பிறகு சொன்னார்கள். அவ்வளவு தூரம் கேட்டிருக்காது, இருந்தாலும் சொன்னார்கள். சங்கிலி சுழன்று, கட்டிவைத்திருந்த பெஞ்சையே அறுக்கத் தொடங்கிற்று. செம்பருத்தி மாலை துண்டுதுண்டாகப் பறந்து இன்ஸ்பெக்டரின் தொப்பியில் விழுந்தது.

நிறுத்து நிறுத்து என்று குறுப்பு வாயசைத்தார். ஞானசிகாமணி கையை விரித்தார். நிறுத்துகிற பொத்தான் எஸ்டேட்டிலேயே உடைந்துபோயிருந்தது. ஓடாத மிஷினுக்கு அதற்கென்ன அவசரம் என்று கடைசி வேலையாக வைத்திருந்தார். பெட்ரோல் தீர்கிறவரை அது ஓடிற்று. பெஞ்சின் ஒரு கால் துண்டாகி, மிஷின் மூக்குக் குத்தி நின்றபோது, காதுக்குள் இரைச்சலைத் தவிர ஊரில் ஒரு சத்தமும் இல்லை.

ஞானசிகாமணி அழுதுகொண்டிருந்தார். சந்தோஷத்தில்தான். பக்கத்தில் போலீஸ் நிற்பதையே மறந்துவிட்டார்.

புஷ்பபாய் மறக்கவில்லை. தான் இழுத்த கயிறு தன் வீட்டுக்காரரையே கட்டிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. உள்ளங்கை கயிறு உரசிச் சிவந்திருந்தது. குறுப்பு தொப்பியைத் தட்டிக்கொண்டு, அப்போள் ஓடும், அல்லே என்று சொல்லி போலீஸ்காரரைக் கண்ணால் கூப்பிட்டார். அவள் ஒரு எட்டு முன்னால் வைத்து நடுவில் நின்றாள்.

"சாரே, சத்தம் கேட்டீங்கல்லியா. மரம் நின்ன எடத்துக்கும் உங்க ஆளுவ கெடந்த ஷெட்டுக்கும் ஒரு கல்லெறி தூரம்கூட இல்ல. ராத்திரி இந்த மிஷின் அங்க ஓடியிருந்தா உங்க நாலுபேரும் எங்க போயிருந்தாங்க? இவரைக் கொண்டுபோனா கோர்ட்டிலயும் நான் இதைத்தான் கேப்பேன். அங்க வச்சும் ஒருக்கா இழுத்துக் காட்டுவேன்."

இரண்டு போலீஸ்காரர்களும் தங்கள் பூட்சைப் பார்த்தார்கள். குறுப்பு அவர்களைப் பார்த்தார். முந்தின ராத்திரி கிறிஸ்துமஸ் பஜனைக்காரர்கள் ஷெட்டுக்கு வந்து பாடியதும், அதற்குப் பிறகு கிடைத்த பலகாரமும், அதற்குப் பிறகு வந்த உறக்கமும் அவருக்குத் தெரிந்த கதைதான். இந்த மிஷின்தான் அறுத்தது என்றால், இதைக் கேட்டும் எழும்பாத போலீஸ் என்று மேலிடத்தில் சிரிப்பார்கள். பின்னே யார் அறுத்தது என்று அவர் பொதுவாக ஒரு கேள்வி போட்டார். கூட்டத்தில் செல்லசாமி நெஞ்சை நிமிர்த்தி வாயைத் திறந்துவிட்டான். மனுஷக் கையால் முடியாது என்று ஊரே சொன்னது அவன் தொண்டையில் நின்றது. ராஜன் அவன் காலை நன்றாக மிதித்தான். வாய் மூடிக்கொண்டது.

குறுப்பு யோசித்தார். மனுஷன் கெட்டவரில்லை, பிழைக்கத் தெரிந்தவர். மிஷின் விஷயமாக வீட்டுக்காரர் தன் கைப்பட ஒரு வாக்குமூலம் எழுதித் தந்தால் போதும் என்றார். மேற்படி யந்திரம் பழுதுபட்டது, இதுவரை ஓடியதில்லை, ஓடவும் ஓடாது. இவ்வளவுதான். அதைக் கேசுக்கட்டில் வைத்துவிட்டு, அடையாளம் தெரியாத ஆட்கள் என்று எழுதி முடித்துக்கொள்வார். லைசன்சும் தப்பும், போலீசின் உறக்கமும் தப்பும்.

புஷ்பபாய்க்கு உயிர் வந்தது. ஓடிப்போய் அவருடைய பேனாவையும் மைக்குப்பியையும் எடுத்து வந்தாள். ஞானசிகாமணி படியில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துவிட்டு, தலைப்பும் தேதியும் அழகாக எழுதினார். பிறகு பேனா நின்றுவிட்டது.

"இது எழுத முடியாது சாரே" என்றார். "வாயால நான் எவ்வளவோ பொய் சொல்லியாச்சு. எழுத்தில சொன்னதில்ல. இது ஓடும். இப்ப உங்களுக்க முன்னவச்சு ஓடிச்சு. ஓடாதுன்னு எழுத எனக்கக் கை வராது."

கனகதாசுக்கே பொறுக்கவில்லை, எழுதிக்கொடும் வேய் என்றான். ரோட்டில் இரண்டு பக்கமும் பஸ் நிற்கிறது, வெயில் உச்சியில் காய்கிறது, கேஸ் இல்லாமல் போகத் தயாராக ஒரு இன்ஸ்பெக்டர் நிற்கிறார், இந்த மனுஷன் வேண்டாம் என்கிறார். குறுப்பின் முகம் கறுக்கத் தொடங்கியது. புஷ்பபாய் அவர் காலடியில் உட்கார்ந்தாள். சத்தம் போடவில்லை, கெஞ்சவுமில்லை. சுகுமாரி மருமகனோட வருகா, அவ வரும்போ நீங்க வீட்டில இரிக்கணும் என்று மட்டும் சொன்னாள். கையை மடியில் மலர்த்தி வைத்திருந்தாள். தோல் உரிந்து ஒரு கோடு ரத்தம் கசிந்திருந்தது.

அவர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு எழுதத் தொடங்கினார். எழுதி முடித்ததும் எழுந்து நின்று, ஆபீசில் ஆதாரம் வாசித்துக் கேட்பிப்பது போல ஊர் கேட்க வாசித்தார். மேற்படி யந்திரத்தை ஓட்டவேண்டி நாலு வருஷமாகத் தினந்தோறும் நான் முயன்றிருக்கிறேன். என் கையால் இது ஒரு நாளும் ஓடியதில்லை. ஓடியது என்று ஊரில் நான் சொன்னதெல்லாம் பொய். இது சத்தியம்.

யாரும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறவனைப் பார்த்துச் சிரிக்கலாம், நிமிர்ந்து நின்று வாசிக்கிறவனைப் பார்த்து எப்படிச் சிரிக்கிறது. செல்லசாமிக்கு மட்டும் மனசு ஆறிப்போய், பக்கத்திலிருந்தவனிடம் ஒரு பீடி வாங்கிப் பற்றவைத்தான்.

குறுப்பு அதை வாங்கி ஒருதடவைக்கு இரண்டுதடவை படித்தார். அவர் கேட்டது அப்படியே இல்லை. ஆனால் பொய்யுமில்லை, அவருக்கு வேண்டியதும் அதில் இருந்தது. ஞானசிகாமணி கையை நீட்டி, ஒரு வரி பாக்கி உண்டு, ஒரு நிமிஷம் தரணும் என்றார். இனி ஒரு வரியும் வேண்டா என்று இன்ஸ்பெக்டர் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துப் பொத்தானையும் போட்டுக்கொண்டு, யாராவது பிடித்து நிறுத்திவிடுவார்கள் போல வேகமாக நடையைக் கட்டினார். பின்னாலேயே கூட்டமும் கலைந்தது.

முற்றத்தில் இரண்டுபேரும் ஒடிந்த பெஞ்சும் மூக்குக் குத்தின மிஷினும் மட்டும் மிச்சம். ஞானசிகாமணி பேனாவை மூடாமல் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னும் என்னத்தை எழுத நின்னீங்க?" என்றாள் புஷ்பபாய்.

"எனக்கக் கையால ஓடல்லன்னு எழுதினா போதுமாட்டி? பின்ன யாருக்கக் கையால ஓடிச்சுன்னு எழுதாண்டாமா? உனக்கப் பேரு வரணும். இல்லாட்டா ஆதாரம் முழுசாவாது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் நாலு வருஷக் கோபமும் அன்றோடு தீர்ந்துபோகுமே என்று அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. அடுக்களையில் பயறு கருகுகிற மணம் வந்தது. போவதற்கு எழுந்தவள், கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, கயிறு கிடந்த இடத்தையும் மிஷினையும் ஒருமுறை பார்த்தாள்.

"டின்னில இன்னும் பெட்ரோல் உண்டா?" என்று கேட்டாள்.